சோடா ஊற்றிய பிஸ்கட்டும் வெற்றிலைத் தட்டும்

அன்பு மகனே, தம்பி,

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்னதான் நடந்தது என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் அப்புறம் சொல்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய இனிப்புப் பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு நீ வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. வெற்றிலைத் தட்டு மாற்றியாயிற்று. உன் ஷாலினியின் அத்தை மடி முழுக்கப் பிஸ்கட் துகளோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நீ திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தாய். போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே "மா, சூப்பர்வைசர் வராரு, அப்புறம் பேசறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பந்தல்காரன், பூக்காரி, சமையல்காரன் என்று எல்லோரிடமும் கத்தி முடித்து, இன்றைக்குத்தான் மாசாய் வீட்டில் கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு நகலை ஞாயிறு பேப்பருக்கும் அனுப்பப் போகிறேன். வெட்கப்படாதே. உன் பெயரைப் போடவில்லை.

முதலில் எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தத் தட்டைப் பிடிக்க வேண்டும் என்று ஆசை. உன் நிச்சயத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ வைத்த தட்டை என் இரண்டு கையாலும் பிடித்துப் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் உன் அப்பா போன பிறகு நான் எந்த நல்ல காரியத்திலும் ஒரு பூவைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. யாரும் என்னைப் போ என்று சொன்னதில்லை. அவர்கள் சொல்லுமுன் நானே ஒதுங்கிக்கொள்வேன். அதில் நான் கெட்டிக்காரி. யோங் பெங்கில் உன் சித்தப்பா கல்யாணம் உனக்கு நினைவிருக்கிறதா? எல்லோரும் அட்சதை போட வாருங்கள் என்று கூப்பிட்டபோது நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "வாம்மா, நம்மளும் போடலாம்" என்றாய். நான் தலைவலி என்று சொல்லிச் சாப்பாட்டுக் கூடத்தில் போய் இலை போட்டுக்கொண்டிருந்தேன். இலை போடுகிற கைக்கு எந்தத் தோஷமும் கிடையாதாம். பாத்திரம் கழுவுகிற கைக்கும் கிடையாது. மாவு பிசைகிற கைக்கும் கிடையாது. தட்டு பிடிக்க மட்டும் ஆகாது. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, பிஸ்கட் கதைக்கு வருகிறேன். நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஓவன் ரொம்ப நாள் பெட்டியிலேயே தூங்கியது. "அலமாக், இதை வெச்சு நான் என்னடா செய்யறது, ரசமா வெக்கிறது?" என்று உன்னைத் திட்டினேன். பிறகு ஒருநாள் தொழிற்சாலைக் கேன்டீனில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பிஸ்கட் செய்வதைப் பார்த்தேன். நம் டின்னில் வரும் மொறுமொறு பிஸ்கட் இல்லை. இது பஞ்சு மாதிரி, உயரமாக, பிட்டால் உள்ளே ஆவி பறக்கும். மூன்று குவளை செல்ஃப் ரைசிங் மாவு, ஒரு குவளை கிரீம், ஒரு குவளை எலுமிச்சை சோடா. தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு நாம் ஊற்றிக் கொடுக்கும் கேஸ் தண்ணி இருக்கிறதே, அதேதான். முட்டை இல்லை, ஈஸ்ட் இல்லை, ஊற வைக்கத் தேவையில்லை. காபி கலந்து குடித்து முடிப்பதற்குள் பலகாரம் ரெடி. இவ்வளவு சுலபமா என்று நினைத்து அன்றைக்குச் சாயங்காலமே செய்தேன்.

கல் மாதிரி வந்தது. உன் சித்தி அப்போது வந்திருந்தாள். ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்லா" என்றாள். மறுபடியும் செய்தேன், மறுபடியும் கல். சோடாவை மாற்றினேன், மாவை மாற்றினேன், ஓவனைத் திட்டினேன். என்ன தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. தப்பு என் கையில் இருந்தது. நமக்கு மாவு என்றால் பிசைய வேண்டும். சப்பாத்திக்கும் பூரிக்கும் பரோட்டாவுக்கும் பிசைந்து பிசைந்து வளர்ந்த கை இது. எவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவு மிருது என்று நமக்கு ரத்தத்திலேயே எழுதியிருக்கிறது. இந்த மாவு நேர் எதிர். சோடாவில் இருக்கிற குமிழிதான் இதைத் தூக்குகிறது. பிசைந்தால் குமிழி செத்துப்போகும். கரண்டியால் நாலு கிண்டு, மேலே உலர்ந்த மாவு கொஞ்சம் அங்கங்கே தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். பார்க்க அசிங்கமாக, ஒட்டிக்கொண்டு, அரைகுறையாக இருக்கும். கை பரபரக்கும். அப்போதுதான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய், அதனால் இடையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீ என் பிள்ளை, உனக்கும் இந்தப் பிசைகிற புத்தி உண்டு. ஒரு சண்டை வந்தால் அதை அன்றைக்கே நோண்டி, காரணம் கேட்டு, பதில் கேட்டு, பதிலுக்கு விளக்கம் கேட்டு, ஆளைச் சப்பாத்தி ஆக்கிவிடுவாய். உன் அப்பா அப்படி இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நாலு ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தொலைக்காட்சி பார்ப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஆனால் ரொட்டி தீர்வதற்குள் கோபமும் தீர்ந்துவிடும். ஷாலினி வாய் திறக்காத நேரத்தில் அவளைக் குடையாதே. தானாகப் பேசுவாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம், பிடித்திருந்தால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். நீதான் பெரிய ஆள் மாதிரி, "மா, இனிப்பெல்லாம் நான் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாறேன், நீ ஒன்னும் செய்யாத" என்றாய். மாசாயில் லட்டு இல்லாத மாதிரி. உனக்குப் பெண் வீட்டார் முன்னால் சிங்கப்பூர்ப் பெட்டி காட்ட வேண்டும். பள்ளி விடுமுறை, எல்லைப் பாலத்தில் வண்டி நகராது என்று நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை. அவர்கள் குலாயிலிருந்து சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார்கள். ஷாலினியின் அப்பா, அம்மா, அப்பாவுக்கு மூத்த அக்கா. நம் பக்கம் நான், யோங் பெங்கிலிருந்து வந்த உன் சித்தப்பா, சித்தி. நீ பாலத்தின் நடுவில்.

அந்த அக்காவைத்தான் நீ குலாய் அத்தை என்கிறாய். அவர் உள்ளே நுழையும்போதே எனக்குத் தெரிந்தது, அங்கே முடிவு சொல்கிறவர் அவர்தான் என்று. அவருக்கும் நெற்றியில் பொட்டு இல்லை. வீட்டுக்காரர் இளம் வயதிலேயே போய், செம்பனைத் தோட்டத்தில் உழைத்துத் தம்பியைப் படிக்க வைத்தவர் என்று ஷாலினி முன்பே உன்னிடம் சொல்லி, நீ என்னிடம் சொல்லியிருந்தாய். அதனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. இவருக்கு என் நிலைமை புரியும் என்று நினைத்தேன். கேஸ் தண்ணியைக் கிளாசில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். யாரும் தொடவில்லை.

"தப்பா நெனக்காதீங்க தங்கச்சி. பேசி முடியிற வரைக்கும் நாங்க கை நனைக்க மாட்டோம். பச்சத் தண்ணிகூட குடிக்கிறதில்ல. எங்க வீட்டுப் பழக்கம் அது" என்றார் அத்தை.

நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு, அதனால் நான் வற்புறுத்தவில்லை. பேச்சு நன்றாகத்தான் போயிற்று. வீடு பிடித்தது, உன் வேலை பிடித்தது, ஜாதகம் முன்பே பார்த்தாயிற்று. "சரி, நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வாய்க்கு இனிப்பு போட்டு வெத்தல மாத்திக்கலாம்" என்றார் ஷாலினியின் அப்பா. அப்போதுதான் நீ கூப்பிட்டாய். "மா, வண்டி நின்ன எடத்துலயே நிக்குது மா." எல்லோருக்கும் கேட்டது. இனிப்பு பாலத்தில் நிற்கிறது. அத்தை முகம் மாறியது. "இனிப்பு இல்லாம எப்படி மாத்துறது? சகுனம் சரியில்லையே. இன்னொரு நாளைக்கு வரோம்" என்றார். எழுந்திருக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, மெதுவாக என் பக்கம் திரும்பினார். "வர்றப்ப, மாப்பிள்ளையோட சித்தப்பாவும் சித்தியும் தட்டுக்கு நிக்கட்டும் தங்கச்சி. உங்களுக்குத் தெரியாதது இல்ல. முறைன்னு ஒன்னு இருக்குல்ல."

உன் சித்தப்பா தரையைப் பார்த்தார். சித்தி என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது, தம்பி. சுமங்கலிகள் யாராவது சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒதுங்கி நின்று ஒதுங்கி நின்று வலி தெரிந்த ஒருத்தியே என்னையும் ஒதுங்கச் சொல்கிறார். வழக்கம்போல "சரிங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு. "உக்காருங்க அக்கா. இனிப்பு இப்ப வரும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஓவனை முழுச் சூட்டில் வைத்தேன். மாவைக் கொட்டினேன், கிரீமை ஊற்றினேன். வெளியே ஊற்றி வைத்த கிளாசில் குமிழி அடங்கியிருக்கும், அது ஆகாது. ஐஸ் பெட்டியிலிருந்து புதுப் போத்தலை எடுத்துத் திறந்தேன். சோடா மாவில் விழுந்ததும் பொங்கியது. நான் கரண்டியைப் போடுவதற்குள் பின்னால் காலடிச் சத்தம். பெண் வாழப்போகிற வீட்டின் அடுப்படியைப் பார்க்காமல் எந்த அத்தையும் கிளம்ப மாட்டார் அல்லவா. வந்து நின்று, மேல் தட்டைப் பார்த்தார், சிங்க்கைப் பார்த்தார், கடைசியில் என் கிண்ணத்தைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மாவுல கேஸ் தண்ணிய ஊத்தறீங்க?"

"பிஸ்கட்டுக்கா."

நாலு கிண்டு கிண்டிவிட்டுக் கரண்டியை எடுத்துவிட்டேன். அவரால் தாங்க முடியவில்லை. "ஐயோ, அப்படியே உட்டுட்டீங்களே. மாவு ஒன்னும் சேரவே இல்ல. தள்ளுங்க, நான் பெசஞ்சு தரேன்" என்று வளையல் போடாத கையில் ரவிக்கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு கிண்ணத்துக்குள் கையைக் கொண்டுபோனார். உதவி செய்யத்தான் வந்தார், பாவம். ஆனால் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"தொடாதீங்க அக்கா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டுப் பெரியவரின் கையைப் பிடித்து நிறுத்துவதை எங்காவது கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை. உன் சித்தப்பா சமையலறை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனார்.

"பெசையாத மாவு எப்படிம்மா எழும்பும்?" என்றார் அத்தை. கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

"எழும்பலன்னா நீங்க சொன்ன மாதிரி என் கொழுந்தனாரும் அவர் பொண்டாட்டியும் தட்டப் பிடிக்கட்டும். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். எழும்பிச்சுன்னா என் மகனுக்கு நான்தான் தட்டு பிடிப்பேன். இன்னைக்கே, நாலரைக்குள்ள."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்து ஓவன் முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சரி, பாப்போம்" என்றார்.

மாவைப் பலகையில் கொட்டி, உள்ளங்கையால் லேசாகத் தட்டினேன். கிளாசைக் கவிழ்த்து நேராக அழுத்தி வெட்டினேன். திருகக் கூடாது, திருகினால் ஓரம் மூடிக்கொண்டு உயராது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கிற மாதிரி தட்டில் நெருக்கி வைத்து உள்ளே தள்ளினேன். இதையெல்லாம் நீயும் செய்து பழகு, ஷாலினிக்குக் காலை வேலை இருக்கிற நாளில் உதவும். ஓவன் கதவை மூடியதும் ஒவ்வொன்றாகச் சந்தேகம் வந்தது. ஓவன் சூடாவதற்கு முன்பே வைத்துவிட்டேனோ, சோடா அளவு சரிதானா, அவர் பார்த்துக்கொண்டு நின்ற பதற்றத்தில் ஒரு கிண்டு கூடப் போய்விட்டதோ. பாழாய்ப் போன ஒரு பிஸ்கட் மேல் என் மானத்தை வைத்துவிட்டேனே என்று நினைத்தேன். நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஓவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் இருந்த ஒன்று மெல்லத் தலையைத் தூக்கியது. "தங்கச்சி, அது அசைஞ்சிச்சு" என்றார் அத்தை. அடுத்தது, அதற்கு அடுத்தது. பக்கவாட்டில் வெடித்து, அடுக்கு அடுக்காகப் பிரிந்து, எல்லாம் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நெட்டுக்கு நின்றன. வீடு முழுக்க வெண்ணெய் வாசம். அத்தை கண்ணாடிக்கு அவ்வளவு பக்கத்தில் போய்விட்டார், நான்தான் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். "எழும்பிருச்சு. எடி, எழும்பிருச்சு" என்று அவர்தான் சொன்னார், நான் இல்லை. அவர் என்னை எடி என்றதை நான் கவனித்தேன்.

குலா மலாக்காவை உருக்கி, அந்தக் கருப்பட்டி மாதிரிப் பாகை மேலே ஊற்றினேன். அப்போதும் நான் நீட்டவில்லை. அவரே தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பிட்டார். ஆவி முகத்தில் அடித்தது. ஊதி ஊதிச் சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார். கதவோரம் ஷாலினியின் அப்பா வந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பேசி முடியாம பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னீங்க."

அத்தை மெல்லுவதை நிறுத்தினார். "இது பலகாரம்தானடா. தண்ணியா குடிச்சேன்?"

"நீங்க வேணாம்னு வெச்ச கேஸ் தண்ணிதான் அக்கா அது. அதுல செஞ்சதுதான் இவ்வளவும்" என்றேன் நான். அவர் என்னைப் பார்த்தார், கையில் இருந்த பாதியைப் பார்த்தார், பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பப் பேசி முடிஞ்சிருச்சு போ. எனக்கு வேற வழி இல்ல" என்றார். ஹாலில் உன் சித்தி கை தட்டினாள்.

தட்டை எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூவோடு பிஸ்கட்டையும் அடுக்கினேன். எதிரே ஷாலினியின் அப்பாவும் அம்மாவும் அவர்கள் தட்டோடு எழுந்து நின்றார்கள். அப்போது அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார், அதற்காக நீ சாகும்வரை அவரை மதிக்க வேண்டும். தட்டைத் தன் அக்காவிடம் நீட்டினார். "என்னய வளத்தது நீங்க. என் பொண்ணுக்கு நீங்க புடிங்க" என்றார். அத்தை இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்விட்டார். "சீ, என்னடா பேசற, நான் எப்படி" என்றார். ஷாலினியின் அம்மா, "அண்ணி, அவங்க புடிக்கிறாங்கல்ல, நீங்களும் புடிங்க" என்று சொல்லி, அவர் கையை முன்னால் இழுத்துத் தட்டை வைத்தார்.

தட்டில் தேங்காய் உருண்டது. "பயமா இருக்கு தங்கச்சி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எனக்கும்தான் அக்கா" என்றேன். நான் என் தட்டை அவரிடம் கொடுத்தேன், அவர் தட்டை நான் வாங்கிக்கொண்டேன். கூரை இடிந்து விழவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அழுதேன், சந்தோஷத்தில் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. உன் சித்தப்பா முதல் முறையாக வாயைத் திறந்து, "மணி நாலே காலு, நேரம் இருக்கு, இன்னொரு பிஸ்கட் சாப்பிடலாமா?" என்றார். அதன் பிறகுதான் நீ வந்து சேர்ந்தாய். உன் லட்டை அன்றைக்கு யாரும் தொடாததற்குக் காரணம் இதுதான், தேக்காக் கடைக்காரன்மேல் குறை சொல்லாதே.

ஷாலினியிடம் இதை நீயே வாசித்துக் காட்டு. அவளையும் என்றைக்காவது, கடவுள் புண்ணியத்தில் அப்படி ஒரு நாள் வராமலே போகட்டும், யாராவது ஒதுங்கி நில் என்றால், யோங் பெங்கில் நீ என் கையைப் பிடித்து இழுத்தாயே, அப்படிச் செய்கிறவர்களாக உன் பிள்ளைகளை வளர்த்து வைத்திரு. அவர்கள் அவள் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவரட்டும்.

கடைசியாக ஒன்று. நேற்றுக் கோவில் குருக்கள் கூப்பிட்டார். கல்யாணத்தன்று யார் யார் என்ன செய்வது என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். "தாலித் தட்ட எல்லார்கிட்டயும் ஆசீர்வாதத்துக்கு எடுத்துட்டுப் போகணும். யாரும்மா எடுப்பா?" என்றார். "மாப்பிள்ளையோட அம்மாவும், பொண்ணோட அத்தையும்" என்றேன். "நீங்களும் அவங்களுமா?" என்று திரும்பக் கேட்டார். அவருக்கு நம் குடும்பம் தெரியும். "ஆமாங்க, நாங்க ரெண்டு பேரும்தான்" என்றேன். "சரிங்கம்மா, பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

அத்தையின் பெயரைச் சொன்னேன். பிறகு என் பெயரைச் சொன்னேன்.

அன்புடன்,
அம்மா